சோற்று மூட்டைப் படம்

சிரிப்புப் படம் எனக்கு ஆகாது, அய்யா. பாட்டுப் படமாவது பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவழியாக முடிந்துவிடும். சிரிப்புப் படத்தில் அப்படி உட்கார முடியாது. பக்கத்தில் இருப்பவன் நம் தொடையில் தட்டுவான். கொட்டகையே குலுங்கும். பிறகு எல்லாம் அடங்கும். அந்த அடங்குகிற நேரம்தான் எனக்கு ஆகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். வீரபாண்டி ஆற்றில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். படத்தைப் பற்றிச் சொல்லாமல் ஆற்றைப் பற்றிச் சொன்னால், குடிவெறியில் செய்தவன் என்று எழுதிக்கொள்வீர்கள். நான் குடிப்பதில்லை. கம்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒச்சாண்டி சினிமாக் கிறுக்கன் என்பார்கள். வேறு கெட்ட பெயர் எனக்குக் கிடையாது.

படங்களின் பெயர் எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவனுக்குத்தானே பெயர். நானாகவே ஒரு பெயர் வைத்துக்கொள்வேன். ஆனைப் படம், சிறைப் படம், கிணற்றுப் படம், இப்படி. கம்பம், உத்தமபாளையம், போடி, கடமலைக்குண்டு என்று எங்கே கொட்டகை போட்டாலும் நடந்தாவது போய்விடுவேன். பார்த்த படங்களை மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று பார்த்தால் அதை எங்கே செருகுவது என்று வரப்பில் நடக்கும்போது யோசிப்பேன். தனி ஆளுக்கு அது ஒரு துணை.

சாமிப் படங்களை வரிசையில் சேர்ப்பதில்லை. திரையில் அம்மன் வந்ததும் சனங்கள் எழுந்து சூடம் கொளுத்துவார்கள், கொட்டகைக்காரன் தீப்பிடித்துவிடும் என்று கத்திக்கொண்டு ஓடிவருவான். அது கோயில் சங்கதி. சாமிக்கு இடம் கொடுக்க நான் யார்?

ஆனைப் படத்துக்கு மூன்றாவது இடம் கொடுத்திருக்கிறேன். கதை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஆனைக்கு நடிக்கத் தெரியாது. அது தும்பிக்கையைத் தூக்கினால் தூக்கியதுதான். சிறைப் படம் இரண்டாவது. செய்யாத குற்றத்துக்குச் சிறை போனவன் கிழவனாகித் திரும்பி வருகிறான். சொந்தத் தெருவில் ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை. அவனும் நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பேசாமல் திரும்பிப் போய்விட்டான். விவரமான ஆள்.

கிணற்றுப் படம் கடைசிக்கு முந்தியது. அதில் ஒரு பெண் கிணற்றில் விழுகிறாள். விழுந்தவள் தலைமுடி கலையாமல் மேலே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள். இதையும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கிணற்றில் விழுந்தவள் அப்படி வரமாட்டாள், அய்யா. முதலில் மேலே வருவது சேலை. காற்று புகுந்து குடை மாதிரி விரியும். முகம் அதற்குள் இருக்கும். படம் எடுப்பவர்கள் தெரிந்தவர்களைக் கேட்டு எடுக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்திருப்பது சந்தேகப் படம். புருஷன் பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டுக் காட்டில் விட்டுவிடுகிறான். கடைசியில் அவள் உத்தமி என்று தெரிகிறது. இவன் அவள் காலில் விழுகிறான். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்துகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படம் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். உத்தமி என்று எப்படித் தெரிந்தது? ஒரு கிழவன் வந்து சொல்கிறான், உடனே நம்பிவிடுகிறான். முன்னே ஒருத்தன் சொன்னதை நம்பினான், பின்னே ஒருத்தன் சொன்னதை நம்பினான். அவனுக்கென்று புத்தி கிடையாதா? சுத்தப் புளுகு.

முதல் இடம் சோற்று மூட்டைப் படத்துக்கு. அது ஊமைப் படம். பேசும் படம் வருவதற்கு முந்தின காலம்.

அறுப்பு முடிந்த வயலில் கொட்டகை போட்டார்கள். கம்பத்துக்கு வந்த முதல் கொட்டகை அதுதான் என்று நினைக்கிறேன். மெஷினைக் கையால் சுற்றுவார்கள். மணலில்தான் உட்காரவேண்டும். நடுவில் தட்டி அடைத்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எனக்குப் போக மனமில்லை. என் வீட்டுக்காரி மாயக்காள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

"ஊரே போகுது. நாம மட்டும் வீட்டக் காத்து என்ன செய்யப்போறோம்? வாங்க, உங்களுக்கும் பொழுது போகும்" என்றாள்.

திரைக்குப் பக்கத்தில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் நீளக் கம்போடு நின்றார். அவர்தான் ஞானசிகாமணி. மதுரைக்காரர். வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். படம் ஓடும், இடையில் கறுப்பில் வெள்ளையாக எழுத்து வந்து நிற்கும். எழுத்து வந்ததும் அவர் கம்பால் அதைத் தொட்டுக் கதையைச் சொல்வார். பொம்பளைக்குப் பொம்பளைக் குரல், சேட்டுக்குச் சேட்டுக் குரல். அப்படி ஒரு தொண்டையை நான் பிறகு கேட்டதில்லை.

கதை இதுதான். பெரிய வீட்டில் ஒருத்தி. மூக்கில் பெரிய வளையம். புருஷன் வெளியே போகிறான். சுவரோரமாக ஒருவன் பதுங்கிப் பதுங்கி வருகிறான். அவள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, துணியில் கட்டிய சோற்று மூட்டையை ஜன்னல் வழியாக அவனிடம் கொடுக்கிறாள். அவன் அவள் தலைமேல் கை வைக்கிறான். அப்போது எழுத்து வந்தது. வாத்தியார் கம்பை வைத்தார்.

"'எம் புருசன் ஒச்சாண்டி முறைத்தண்ணிக்குக் காவல் போயிட்டாரு. தண்ணி அவரு வயலுக்குப் பாயட்டும், சோறு உம்ம வயித்துக்குப் பாயட்டும். சாப்பிடும் பேச்சிமுத்து!'"

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பின்னால் இருந்து ஒருவன், "ஏலே ஒச்சாண்டி, மடையப் பாத்தியே, வீட்டப் பாத்தியா?" என்று கத்தினான். நான் திரும்பவில்லை. சிரிப்பு அடங்கியது. எல்லோரும் அடங்கிய பிறகு, தட்டிக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு சிரிப்பு கேட்டது. மாயக்காளுடையது. அவள் எப்போதும் அப்படித்தான். எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வரும். கல்யாணமான புதிதில் அது எனக்குப் பிடித்திருந்தது.

பேச்சிமுத்து யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வயலுக்குக் கீழ்வயல்காரன். மாயக்காள் பிறந்த கடமலைக்குண்டில் இருந்து வந்தவன். பெண்டாட்டி செத்துப்போனவன். தண்ணீருக்காக அவனுக்கும் எனக்கும் ஓயாத வாய்ச்சண்டை. அவனுக்கு மாயக்காள் சோறு கொடுத்தது உண்மை. அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். "பேச்சிமுத்தண்ணனுக்கும் ரெண்டு உருண்டை குடுத்தேன். பொங்கிப் போட ஆளில்லாமக் கிடக்காக, பாவம்" என்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள், அய்யா. வடக்கே எங்கேயோ எடுத்த படம். அதற்கு என் வீட்டுச் சோறு எப்படித் தெரிந்தது? என் பெயர் எப்படித் தெரிந்தது? நான் மனுஷனை நம்புகிறவன் இல்லை. கூடப்பிறந்தவன் சொன்னாலும் நம்பமாட்டேன். ஆனால் படம் மனுஷன் இல்லை, மெஷின். எழுத்து திரையில் நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். வாத்தியார் அதைப் படித்தார்.

இருந்தாலும் நான் அவசரப்படவில்லை. மறுநாளும் போனேன். மாயக்காளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அதே இடத்தில் அதே எழுத்து வந்தது. வாத்தியார் ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார். ஒரு தடவை சொன்னால் அது வாய்ப்பேச்சாக இருக்கலாம். இரண்டு தடவையும் ஒன்றாக வந்தால் எழுதியிருப்பதால்தானே வரும்? நீங்களும் நான் சொல்வதை எழுதி வாசித்துக் காட்டுவீர்கள். இரண்டு தடவை வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கைநாட்டு வைக்கிறேன்.

கடைசியில் அந்தப் புருஷன் வாளை உருவிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்பான். அவள் தலையைக் குனிவாள். அத்தோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள். வாத்தியார் கையைக் கூப்பி, "துரோகத்துக்கு முடிவு இதுதான், மகாஜனங்களே" என்றார். வளவளவென்று இழுக்கவில்லை. அதனால்தான் முதல் இடம்.

மறுநாள் காலையில் மாயக்காள் வயலுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். வயல் கிணற்றடியில் உட்கார்ந்து குடித்தேன். வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். என்னிடம் சொல்லவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. படத்தில் வந்ததைச் சொன்னேன்.

"ஆத்தா! அதயா நெனச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீக? கூத்துல கோமாளி நம்ம ஊரு ஆளு பேரச் சொல்லுவான்ல, அந்த மாதிரிதான் அந்த வாத்தியாரும் சொன்னாக."

"எழுத்துல இருந்துச்சுடி."

"எழுத்த நீங்களா படிச்சீக?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கிணற்றுப் படியில் இறங்கி, குனிந்து குடத்தை முக்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். பிறகு அவள் கிணற்றுக்குள் இருந்தாள். கஞ்சிக் கலயத்தைக் கழுவி வைத்துவிட்டு ஊருக்குள் போய்ச் சொன்னேன்.

பாசி வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பேச்சிமுத்து வந்து, "தங்கச்சி, தங்கச்சி" என்று மண்ணில் புரண்டு அழுதான். நன்றாக நடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் வயலை விட்டுவிட்டு மலையாளத்துப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனான். குற்றமில்லாதவன் எதற்கு ஊரைவிட்டுப் போகவேண்டும்? ஊர் அவனைக் கேலி பேசியது என்பார்கள். ஊர் என்னையும்தான் பேசியது. நான் போகவில்லையே.

அதற்குப் பிறகுதான் நான் படம் பார்க்க ஆரம்பித்தேன். ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். சோற்று மூட்டைப் படம் திரும்ப வரும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு கொட்டகைக்காரனிடமும் கேட்பேன். "ஜன்னல் வழியா மூட்டை குடுப்பாளே, அந்தப் படம் எப்ப வரும்?" அவர்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரிப்பார்கள். இன்னும் ஒரு தடவை அந்த எழுத்து வந்து, இன்னும் ஒரு தடவை அதையே சொன்னால் போதும் என்றிருந்தது. சந்தேகம் இருந்தது என்று எழுதாதீர்கள். நல்ல படத்தைத் திரும்பப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்கும்.

பேசும் படம் வந்தது. ஊமைப் படங்களை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். போன இடத்தில் எல்லாம் அதுவும் வந்தது. கோமாளி ஏதாவது சொல்வான், சனம் சிரிக்கும், அடங்கும். அடங்கியதும் பெண்கள் பக்கத்தில் இருந்து தனியாக ஒரு சிரிப்பு. போடியிலும் கேட்டது. கடமலைக்குண்டிலும் கேட்டது. ஒரு தடவை எழுந்து தட்டியை விலக்கிப் பார்த்தேன். பெண்கள் என்னைத் திட்டினார்கள். அவர்களில் ஒருத்தியும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. சிரிப்புப் படம் ஏன் ஆகாது என்று இப்போது தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

இந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனேன். சாமி கும்பிட இல்லை, கொட்டகை வந்திருந்தது. வாசலில் ஒரு கிழவர் டிக்கெட் கிழித்துக்கொண்டு, "பொம்பளைங்க அந்தப் பக்கம், ஆம்பளைங்க இந்தப் பக்கம்" என்று கத்தினார். முகம் அடையாளம் தெரியவில்லை. குரல் தெரிந்தது. மறுநாள் காலையில் அவரைத் தேடிப்போய்க் காப்பிக் கடையில் உட்காரவைத்தேன்.

"கம்பத்தில உங்க ஊமைப் படம் பாத்திருக்கேன் வாத்தியாரே" என்றேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வாத்தியார்னு கூப்பிட இன்னும் ஒரு ஆளு இருக்கீகளே! இப்பப் படமே பேசுது, நம்ம வாய்க்கு வேலையில்ல. டிக்கெட்டக் கிழிடான்னு விட்டுட்டாக. அந்தக் காலத்தில ஒரே படத்த மூணு ஊருல மூணு கதையாச் சொல்லுவேன் அண்ணே. எவனும் கண்டுபிடிக்க முடியாது."

"எழுத்துல இருக்கறதத்தானே படிச்சீக?"

"எழுத்தா? பாதி இங்கிலீசு, பாதி இந்தி. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்." சிரித்தார். பல் இல்லை. "போற ஊருல காலையில காப்பிக் கடையில உக்காந்துருவேன். யாரு யாரோட சண்டை, யாரு வீட்டுல யாரு சோறு திங்கிறாகன்னு பேசுவாங்கல்ல. நாலு ஆளுக பேரப் பிடிச்சுக்கிட்டா சாயந்தரம் சனம் நம்ம கையில."

சோற்று மூட்டைப் படத்தைக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"அதுவா! கம்பத்துல எவனோ ஒரு தண்ணி பாய்ச்சுறவன் பேரப் போட்டேன். உருண்டு உருண்டு சிரிச்சாக. நல்லா எடுபட்டுச்சுன்னு மறுநாளும் அதையே விட்டேன். ஆனா அது நல்ல படம் அண்ணே. அந்தப் பொண்ணு சோறு குடுக்குறது யாருக்குன்னு நெனச்சீக? கூடப்பிறந்த அண்ணன். அரமனைக்குப் பயந்து ஒளிஞ்சு திரியிறவன். கடைசிச் சுருள் பெட்டியில புருசனுக்கு அது தெரிஞ்சுரும், வாளக் கீழ போட்டுருவான். அந்தப் பெட்டி உங்க ஊருக்கு வந்து சேரல. இருந்ததோட முடிச்சு, கையக் கூப்பிப்புட்டேன்."

காப்பியை முழுக்கக் குடித்தேன். அவரையும் குடிக்கச் சொன்னேன். பிறகு குளிக்கப் போகலாம் என்றேன். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, கோயிலுக்குக் கீழே கொஞ்ச தூரம் நடந்தோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம். தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தார். முதுகு தேய்த்துவிடுகிறேன் என்றேன். "ஒங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்" என்றார். நன்றாகத் தேய்த்துவிட்டேன். எலும்பும் தோலுமாக இருந்தார். அவர் கம்பத்தில் நின்று சொன்னதுதான் சரி, இப்போது சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "எந்தக் கதையக் கேக்குறீக?" என்று திரும்பிப் பார்த்தார். கழுத்தை அமுக்கினேன். மேலே இருந்து துணி துவைத்தவள் பார்த்ததாகச் சொன்னது சரிதான். கிணற்றில் மாயக்காளைத் தள்ளியதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். அந்தக் கிழவர் நல்ல படத்தைக் கெடுக்கப் பார்த்தார். முன்னே ஒன்று சொல்லிவிட்டுப் பின்னே ஒன்று சொல்கிறவனை யார் நம்புவது? முதலில் சொன்னதற்கு ஒரு கொட்டகைச் சனம் சாட்சி. பிறகு சொன்னதற்கு நான் ஒருவன்தான். அதையும் நான் நம்பவில்லை. அந்தப் படத்துக்கு முதல் இடம்தான். இவர் சொன்னதற்காக அதை இறக்கப்போவதில்லை.

நீங்கள் படித்தவர், அய்யா. பெரிய ஊருக்கெல்லாம் போவீர்கள். எங்கேயாவது அந்தப் படத்தின் கடைசிப் பெட்டி கண்ணில் பட்டால் தாராளமாகப் பாருங்கள். திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொல்லவேண்டாம்.